லீவு நாளில் எரியாத அடுப்பு

சின்னம்மா,

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்பி மகள், நீங்கள் பார்க்காமல் போன உங்கள் பேத்தி, மூன்று கல்லூரிகளின் ஹாஸ்டல் கட்டணத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, எது மலிவு சொல்லுங்கள் என்று வந்து நின்றாள். அறைக்கு இவ்வளவு, மெஸ்ஸுக்கு இவ்வளவு, துணி துவைக்கத் தனியாக இவ்வளவு என்று கட்டம் கட்டி அழகாகப் போட்டிருந்தது. நான் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. லீவுக்கு அங்கே அடுப்பு எரியுமா என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது விமானம் இருக்கிறதாம், சென்னையில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வீடாம். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அறுபது வருஷத்துக்கு முன்னால் உங்களைப் பார்த்து நான் சிரித்தது.

எழுந்து சமையலறைக்குப் போய், மசாலா டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, அவற்றுக்கு அடியில் தட்டாகக் கிடக்கும் படாக் மரப் பலகையை உருவித் திருப்பினேன். அப்பாவின் தச்சுப் பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை. சென்னை, பாளையங்கோட்டை, திருச்சி. திருச்சிக்குக் கீழே அழுத்தமாக இரண்டு கோடு. அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. உட்கார்ந்தால் உங்களிடம் பேச வேண்டியிருக்கும் என்று பயம். கடைசியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தமான் தீவில் கல்லூரி வராத காலம் அது. மேலே படிக்க வேண்டுமென்றால் கப்பலேற வேண்டும். என் அம்மா இறந்து நாலு வருஷம் கழித்து, தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து நீங்கள் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். வந்த ஆறாம் மாதமே, மரைன் ஹில் சரிவில் இருந்த நம் தகர வீட்டின் முன்னறையில் இரண்டு பெஞ்சைப் போட்டு, மெயின்லாண்டிலிருந்து தனியாக ஆபீஸ் வேலைக்கு வந்த குமாஸ்தா பாபுமாருக்குச் சோறு போட ஆரம்பித்தீர்கள். வங்காளி, தெலுங்கர், மலையாளி, நம் ஆட்கள் என்று எல்லோரிடமும் உங்கள் அரைகுறை இந்தியில் "அவுர் லோ, அவுர் லோ", இன்னும் வாங்கிக்கோ, என்றபடியே தட்டில் சோற்றைக் கவிழ்ப்பீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பாத்திரம் கழுவுவது என் வேலை. கை முழுக்கச் சாம்பல். என் அம்மா இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பாளா என்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தடவை நினைப்பேன். அவளும் கழுவத்தான் சொல்லியிருப்பாள் என்பது இப்போது தெரிகிறது.

மூன்று கல்லூரிகளின் விவரப் புத்தகங்களும் ஒரே கப்பலில் தபாலாக வந்தன. அப்பா ஒரு பலகையை இழைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் இங்கிலீஷைப் படித்துச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். சென்னையில் மாதம் ஐம்பத்தைந்து ரூபாய், வருஷம் முழுக்கக் கட்ட வேண்டும். பாளையங்கோட்டையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் விளக்குக்கும் தண்ணீருக்கும் தனியாகப் பிடுங்கினார்கள். திருச்சியில் ஆகிற சாப்பாட்டுச் செலவைப் பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்வார்களாம். முப்பத்தெட்டுக்கு மேல் போகாது, அதுவும் பத்து மாதத்துக்குத்தான். பத்து மாதம் என்றதும் அப்பாவுக்கு முகமெல்லாம் பல். இரண்டு மாதக் காசு மிச்சம் என்று கோடு போட்டார்.

நீங்கள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படியில் வந்து நின்றீர்கள். "சுட்டிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டா, அங்க அடுப்பு எரியுமா பிள்ள?" லீவுக்கு நம் தீவில் எல்லா மொழிக்காரருக்கும் அந்த இந்திச் சொல்தான். கப்பல் புறப்படும் வாரம் நம் பெஞ்சுகளில் பாதி காலியாகிவிடும். மிச்சமிருக்கும் நாலு பேருக்காக உலை வைத்தால் கட்டாது என்று நீங்களே புலம்புவீர்கள். சோறு போட்டுப் பிழைக்கிறவர் கேட்ட கேள்வி அது. எனக்கு அது விளங்கவில்லை. அது காலேஜ், உங்க மெஸ் இல்லை என்று சிரித்தேன். நீங்களும் விடவில்லை. மறுசோறு கேட்டால் போடுவார்களா, புத்தகத்தில் எழுதியிருக்கிறதா பார் என்றீர்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் போயிட்டா பாத்திரம் கழுவ ஆள் இல்ல. அதுக்குத்தானே இத்தனை கேள்வி?"

அப்பா பென்சிலைக் கீழே வைத்தார். நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் கருவாடு வறுபடும் வாசனை வந்தது. அதற்குப் பிறகு நான் கப்பலேறும் வரைக்கும் கல்லூரியைப் பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை. துறைமுக ஜெட்டியில் ஊறுகாய்ப் பாட்டிலை நீட்டினீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப் பெட்டியில் போட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஹாஸ்டல் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். பத்து நாள் விடுமுறை, மெஸ் மூடப்படும், எல்லா அறைகளையும் காலி செய்ய வேண்டும். மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் விரல் விட்டு எண்ணினேன். ஊருக்குக் கடலில் போக நாலு நாள், வர நாலு நாள், அதுவும் கப்பல் இருந்தால். அந்தப் புத்தகத்தை எழுதியவர்களுக்கு எல்லாப் பிள்ளைக்கும் பஸ் போகும் தூரத்தில் வீடு. அந்த இரண்டு மாதமும் நான் எங்கே இருப்பேன், என்ன தின்பேன் என்று அப்பாவின் பலகையில் ஒரு கட்டம்கூட இல்லை. தீவில் இருந்துகொண்டே நாங்கள் கடலை மறந்துபோனோம்.

தந்தி கொடுக்க மானம் இடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் உங்கள் கண்ணில் அல்லவா படும்! திருச்சியிலேயே அத்தை இருக்கிறார் என்று வார்டனிடம் புளுகிவிட்டேன். ரயில் நிலையத்தில் பெண்கள் அறையில் முதல் நாளைக் கழிப்பது, பிறகு எப்படியாவது சென்னைக்குப் போய்க் கிடைக்கிற கப்பலில் ஏறுவது, படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன். எல்லோரும் போன பிறகு டிரங்குப் பெட்டி மேல் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஓர் அம்மாள் இறங்கி, "அந்தமான் பொண்ணு நீதானே?" என்றார். நம் பெஞ்சில் இரண்டு வருஷம் சாப்பிட்டுவிட்டு மாற்றலாகிப் போன திருச்சிக்கார ஒல்லி பாபுவின் தாயார். லீவு விடும் நாளை வாட்ச்மேனிடம் முன்னாலேயே விசாரித்து வைத்திருக்கிறார். நம்பாமல் நான் விழிப்பதைப் பார்த்து, இடுப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். எழுத்துக் கூட்டி நீங்கள் எழுதிய கொட்டை எழுத்து.

"உங்கள் மகன் என் கையால் இரண்டு வருஷம் சாப்பிட்டார். லீவுக்கு என் மகள் உங்கள் கையால் சாப்பிடட்டும். மறுசோறு கேட்கக் கூச்சப்படுவாள். நீங்களே போட்டுவிடுங்கள்."

தேதியைப் பார்த்தேன், நான் உங்களை அப்படிப் பேசியதற்கு மூன்றாம் நாள் எழுதியது. என் விண்ணப்பம் வந்த அதே கப்பலில்தான் அந்தக் கடிதமும் வந்திருக்கிறது.

சுத்த சைவக் குடும்பம் அது. என் மகனுக்கு அங்கே என்ன சமைத்துப் போட்டீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டபோது, சாம்பார் என்று சொல்லி உங்கள் சூரைமீன் குழம்பைக் காப்பாற்றினேன். மூன்று வருஷமும் கோடை தவிர எல்லா லீவுக்கும் அந்த வீடுதான். படிப்பு நிலைத்ததும் அதனால்தான். அப்பாவுக்கு மட்டும், விடுமுறை நன்றாகக் கழிந்தது என்று ஒரு வரி எழுதினேன். என் கடிதங்கள் எல்லாமே "அன்புள்ள அப்பாவுக்கு" என்றுதான் தொடங்கின. உங்களுக்குப் படிக்கத் தெரியும் என்று தெரிந்துதான் அப்படி எழுதினேன்.

முதல் கோடை விடுமுறையில் ஜெட்டியில் இறங்கினேன். மன்னிப்புக் கேட்பதென்று நாலு நாளும் கப்பலில் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். நீங்கள் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி கேட்டீர்கள்.

"அந்த வீட்ல மறுசோறு போட்டாவளா பிள்ள?"

"ம்" என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். அந்த "ம்" மேல் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை.

சற்று முன்னால் உங்கள் பேத்தி வந்தாள். சிரிப்பைக் காணோம். கிறிஸ்துமஸ் சமயத்து விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டாளாம். அந்த மலிவான ஹாஸ்டலுக்குப் போன் போட்டும் கேட்டாளாம், லீவுக்கு மெஸ் கிடையாதாம். உங்களுக்கு எப்படி அத்தை தோன்றியது என்றாள். எனக்குத் தோன்றவில்லை, உன் பாட்டிக்குத் தோன்றியது என்று பலகையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன், பாத்திரம் கழுவும் பேச்சையும் விடாமல். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"அப்புறம் பாட்டிகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போட்டாங்க சின்னம்மா. நான் கேட்காமலே போட்டாங்க.