ஜூடி அக்கா கதையில் என் பாப்பா

பௌர்ணமிக்கு மறுநாள், ராத்திரி

ஜூடி அக்கா, இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிச்சிடுங்க. டைரியில் தமிழில் கொட்டிவிட்டு, காலையில் இங்கிலீஷில் மெயில் போடுகிறேன்.

நீங்க எழுதி அனுப்பிய ஆஸ்திரேலியக் காட்டுக் கதையை இன்னிக்குத்தான் பிரித்து, இவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். ஆளில்லாத பண்ணையில் ஒரு அம்மா குழந்தையைக் கயிற்றால் தூணில் கட்டிவிட்டு ஆடு தேடப் போகிறாள். கயிறு அறுத்துக் கணுக்காலில் தழும்பு. அதுவரை படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

இவர் பாப்பாவின் காலைத் திருப்பிப் பார்த்தார். "செருப்பு கடிச்சதுன்னு சொன்னியேடி?"

முன்னே ஒரு கிரிவலக் கூட்டத்தில் டீக்கடையை ஒருத்தியாகப் பார்த்தபோது பாப்பாவைக் கயிற்றால் கட்டினேன் என்று, எங்க மாடி ரூமில் நீங்க தங்கியிருந்தப்போ உங்ககிட்ட மட்டும்தானே அழுதேன்?

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா ரூமுக்குப் போய்ட்டார். கதவைச் சாத்திட்டாங்க.

புத்தகமா வரும்போது அந்த இடத்தை எடுத்துடுவீங்களா? சீக்கிரம் பதில் போடுங்க.