செல்வம் சம்மதிக்க வேண்டுமாம்

8 நவ. 1999, திங்கள்

விடியலிலிருந்து தூறல். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ராஜபாளையம் வரை நின்றுகொண்டே. கம்ப்யூட்டர் சென்டரில் கரண்ட் இல்லை. பத்தரைக்கு வந்ததும் மெயில். மூன்று. இரண்டு செல்வத்துக்கு.

மஞ்சள் காமாலையில் தம்பி போய் நாற்பத்தொரு நாள். அவன் செய்த பிரிண்டர் பகுதிக்கு இன்னும் கடிதம் வருகிறது. சம்பளம் கிடையாத வேலை அது. முகம் பாராத எத்தனையோ பேர், ஆளுக்கொரு பகுதி, எல்லாம் சேர்ந்து ஒரே மென்பொருள். பக்கத்தின் கடைசி வரி அச்சில் விட்டுப்போகிறது, பார்க்க முடியுமா என்று ஒரு ஜெர்மனிக்காரர். "அன்புள்ள செல்வம்" என்று ஆரம்பம்.

வீட்டுக்குள் நுழையுமுன் அம்மா, இன்று வந்ததா என்றாள். தமிழில் சொன்னேன். இரண்டு தரம் சொல்லச் சொன்னாள். பிறகுதான் சாப்பிட்டாள்.

10, புதன்

வாங்க: ஃப்ளாப்பி ஒரு பெட்டி, அம்மாவுக்கு முட்டுவலித் தைலம்.

பிழை பிடிபட்டது. செல்வம் போட்ட வரி எண்ணிக்கையில் ஒன்று குறைவு. மடையா, எண்ணத் தெரியாதா உனக்கு என்று வாய்விட்டே திட்டிவிட்டேன். படிக்க வந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

திருத்தம் அனுப்பினேன். அதோடு சேர்த்து, பொறுப்பாளர் பட்டியலில் அவன் பெயரை எடுத்து என் பெயர். ஏன் என்று எழுதவில்லை. கை வரவில்லை.

12, வெள்ளி

திரும்பி வந்துவிட்டது. எல்லாப் பகுதிகளையும் சேர்த்துக் கட்டும் நார்வேக்காரர் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். ஒரு திருத்தத்தில் ஒரு காரியம்தான், பிரித்து அனுப்பவும். என் தப்பு. செல்வம் ஆயிரம் தடவை சொன்னது.

பெயர் மாற்ற, இப்போதைய பொறுப்பாளர் சம்மதம் வேண்டும். செல்வமே ஒரு வரி எழுதட்டுமாம். மாதக் கடைசிக்குள் ஆள் இல்லாத பகுதிகளை எடுத்துவிடுவார்களாம். அவனுடைய இரண்டு வருஷ உழைப்பு.

அந்த மனுஷன் மேல் ஆத்திரமாக வந்தது. அவர் என்ன செய்வார்? நான் சொன்னால்தானே தெரியும்.

13, சனி

பாஸ்வேர்டு தெரியும். அவன் பெயரில் உள்ளே போனேன். "சம்மதம். இனி அக்கா பார்ப்பாள்." அவன் எழுதுகிற மாதிரியே வந்துவிட்டது. அனுப்பவில்லை.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். உண்மையை எழுதவே கூடாது என்றாள்.

"அவியளாவது எம்புள்ள உசுரோட இருக்கான்னு நெனச்சிக்கிட்டுப் போறாவ. உனக்கென்னட்டி கேடு?"

ராத்திரி அடுப்பு பற்றவைக்கவில்லை. மாவு புளித்துப்போனது.

15, திங்கள்

மழை விட்டிருக்கிறது. பதினொரு மணிக்கு அம்மா சென்டர் வாசலில். சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள். காலெல்லாம் சேறு. அவன் நாற்காலி எது என்று கேட்டாள். காட்டினேன். உட்காரவில்லை.

அவன் பேரில் எழுதியதை என்ன செய்தாய் என்றாள். அப்படியே இருக்கிறது என்றேன்.

"அத அழிச்சிரு. அவன் சொல்லாததச் சொன்னதா எழுதாத. செத்துட்டான்னே எழுது. அவன் பாத்த வேலை நிக்கக் கூடாது."

அழித்தேன். என் தம்பி செல்வம் செப்டம்பர் கடைசியில் இறந்துவிட்டான், அவன் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டே வரி. அனுப்பி முடியும்வரை அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே அவன் பேருக்கு லெட்டர் வராதுல்ல?"

வராதும்மா என்றேன்.