சட்டைப் பையில் பியூஸ் கட்டை

வேடசந்தூர்,
புதன்கிழமை

அன்பு மகன் சிவபிரகாஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தமிழ்மதியும் சுகம். நீ சுகம் என்று உன் வாயால் கேட்ட பிறகும் மனசு நம்பவில்லை, அதனால்தான் இந்தத் தாள். நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள். லீவில் வந்திருக்கும் உன் கூட்டாளி அக்மல் வெள்ளிக்கிழமை சார்ஜாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறோம். வாட்ஸப்பில் போட்டால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாய். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, நாளைக்கு அய்யலூர் சந்தைக்குப் போய்ச் சினையாடு ஒன்று பிடித்து வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாய், ஹெல்பர் வேலை முடிந்தது, ஒரு வாரம் கழித்து, வரும் திங்கள் முதல் குளிர்கிடங்கின் மெயின் கரண்ட் பேனலைத் தனியாகப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று. வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேம்மா என்று சிரித்தாய், வைத்துவிட்டாய், அப்புறம் எடுக்கவே இல்லை. உனக்கு என்னப்பா தெரியும்? கோயில் திருவிழாவுக்குச் சீரியல் செட் கட்டுவாய், மிக்சியைப் பிரித்து மாட்டுவாய், வீட்டில் பியூஸ் போனால் கம்பி மாற்றுவாய். நான் வேலை பார்க்கும் மில்லில் எலக்ட்ரீசியன் பொன்னழகிடம் கேட்டேன். யக்கா, சீரியல் செட்டுல ஷாக் அடிச்சா கைய உதறலாம், பேனல்ல அடிச்சா உதறக் கை இருக்காது, ஏலாதுன்னு சொல்லிரச் சொல்லுங்க என்றார். அவர் பேனலைத் திறக்கும்போதெல்லாம் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், வேறு யாரும் கரண்டைப் போட்டுவிடக் கூடாது என்று. ஒருநாள் மேனேஜரே வந்து கத்தினார். உசுரு என் பையில இருக்கு சார், செத்த நேரம் பொறுங்க என்று சொல்லி, வேலை முடியும்வரை கொடுக்கவில்லை. அங்கே தனியாகத் திறக்கப் போகிறாயே, உன் பையில் என்ன இருக்கிறது?

இதைச் சொன்னதும் தமிழ்மதி அழுதுவிட்டாள். உன் பயோடேட்டாவை எழுதியது அவள்தானே. முதலில் அவள் எலக்ட்ரிக்கல் வேலைக்கு டாபில் என்ற இங்கிலீஷ் வார்த்தையைத்தான் போட்டாளாம். ஒரு வேலையில் முழுசாக இறங்காமல் ஆசைக்குக் கொஞ்சம் கை வைத்துப் பார்ப்பதாம் அது. வாத்து கரையோரத் தண்ணீரில் அலகால் அளைவதற்கும் அதே வார்த்தையாம். படம் வரைகிறவன் சொன்னால் அடக்கம், ஆபரேஷன் செய்கிற டாக்டர் சொன்னால் எழுந்து ஓடவேண்டும் என்கிறாள். திண்டுக்கல் ஏஜென்ட் அதை அடித்துவிட்டு, இத எழுதுனா எவம்மா எடுப்பான், அஞ்சு வருச அனுபவம்னு போடு என்றானாம். எதிர்த்துப் பேசக் கூசி இவளும் போட்டுவிட்டாள். நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் செய்த காரியம். இதையும் எழுதுடி என்றேன், எழுதிவிட்டாள். ஆனால் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நீ.

உன் மேல் கோபமில்லை அப்பு. மறுபடி ஹெல்பராகவே இரு, திருப்பி அனுப்பினாலும் வா, சோறு இருக்கிறது. குலசாமி உன் கூடவே நிற்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. திங்கட்கிழமைக்கு முன்னால் உன் சூப்பர்வைசரிடம் இந்த வேலை தெரியாது என்று சொல்லிவிட வேண்டும், மறக்காதே.

இப்படிக்கு,
உன் வாய்ச்சொல்லுக்குக் காத்திருக்கும் அம்மா,
மணிமேகலை

அண்ணே, இது நானாக எழுதுவது, அம்மா ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறது. திருத்திய பயோடேட்டாவை இதோடு வைத்திருக்கிறேன். சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை மட்டும் நீட்டு. உன் சூப்பர்வைசர் நம்பரை அக்மலிடம் வாங்கிவிட்டேன். ஞாயிறு மத்தியானத்துக்குள் நீ சொல்லவில்லை என்றால் நான் கூப்பிடுவேன். பேச வேண்டிய நாலு வரியை எழுதி, வாய்விட்டுப் பத்துத் தரம் படித்துப் பார்த்துவிட்டேன். ஏழாவது தரத்துக்குமேல் குரல் நடுங்கவில்லை.

தமிழ்மதி