வளைவில் நாலு நிமிஷம்

அன்புள்ள குட்டிக்கு,

உன் பாட்டி எழுதுவது. வழக்கமாக முதல் வரியில் நலம் விசாரிப்பேன். இன்றைக்கு அதற்கு மனம் வரவில்லை. கோபம் கொஞ்சம் இறங்கட்டும், கடைசியில் விசாரிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் டூருக்குப் போனேன். ஊர்ச் சரித்திரம் பார்க்க வருகிறவர்களைப் பாதி தூரம் நடையாகவும் பாதி தூரம் சைக்கிளிலும் ஒரு கம்பெனி கூட்டிக்கொண்டு போகிறது, அவர்கள் காதில் மாட்டுகிற கருவியில் பேசுவது என் பேத்தி, எழுதியதும் அவளே என்று ஆறு மாதமாகக் காய்கறிக்காரம்மா முதல் கம்பவுண்டர் வரை சொல்லித் தீர்த்துவிட்டேன். உன் அம்மாதான் தாங்கமாட்டாமல், "ஒரு தடவை போய்க் கேட்டுட்டு வாம்மா, தெருவுல இருக்கிறவங்களாவது நிம்மதியா இருக்கட்டும்" என்று டிக்கெட் எடுத்துத் தந்தாள்.

வழிகாட்டி முன்னால் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்டாக இருந்தவராம். ஆரஞ்சுச் சட்டை, கழுத்தில் விசில். மொத்தம் ஒன்பது பேர். மார்க்கெட்டிலிருந்து கோர்ட் வரை நடந்தோம். பொய் சொல்லமாட்டேன், அதுவரைக்கும் எனக்குக் கால் தரையில் படவில்லை. பழைய ஜெயில் மதிலில் கைதிகள் கீறிவைத்த கோடுகளை நீ சொன்னபோது பக்கத்தில் நின்ற அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் பேத்தி" என்று அவளிடமும் சொன்னேன்.

கோர்ட்டிலிருந்து சைக்கிள். எனக்கு மட்டும் பின்னால் இருக்கை வைத்த மூன்று சக்கர வண்டி, ஏஜெண்ட்டே மிதித்தார். மேட்டில் அவர் விட்ட மூச்சில் உன் குரலே கேட்கவில்லை. மேடு இறங்கியதும் விசில் ஊதி வளைவில் நிறுத்தினார். நம் வளைவு. இப்போது வந்துவிடும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நீ என்ன சொன்னாய்? "மணிக்கூண்டு முழுதாகக் கண்ணில் விழ வேண்டும் என்பதற்காகவே பொறியாளர் சாலையை இங்கே வளைத்தார். இது ஒரு கவிதை."

கவிதையாம்!

அடியே, மணிக்கூண்டு கட்டும்போது உன் அம்மா இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அதற்கும் மண் சுமந்தவள் நான். ரோடு போடும்போது அவள் கைக்குழந்தை. ஆறு வருஷம் கழித்து வரப்போகிற மணிக்கூண்டுக்காக எவனாவது முன்கூட்டியே ரோட்டை வளைப்பானா? நான் அஞ்சாவது வரைதான் படித்தேன், எனக்கே இந்தக் கணக்கு வருகிறது. உனக்கு இரண்டு பட்டம்.

தெரியாமல் எழுதினாய் என்றால் மன்னித்திருப்பேன். இந்தக் கதை கேட்காமல் நீ சின்னதில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. நாங்கள் சித்தாளுகள் பதினோரு பேர். அந்த வெட்டவெளியில் நிழல் என்று இருந்தது ஒரே மரம். அதில் ஆறு தூளி கட்டியிருந்தோம். மூன்றாவது தூளியில் உன் அம்மா. ரோட்டுக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு நேராக மரத்தின் நடுவில் போயிற்று. ரம்பத்தோடு ஆள் வந்தபோது முதலில் போய் அடிமரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தவள் எங்களில் உயரமானவள், நெட்டை என்று கூப்பிடுவோம். "பிள்ளைங்களை எங்க தொங்கவிடறது, உன் மீசையிலயா?" என்று மேஸ்திரியைக் கேட்டாள். சிரித்துக்கொண்டே நாங்களும் உட்கார்ந்தோம். ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. வேலையும் இல்லை, கூலியும் இல்லை. திறப்பு விழாவுக்குத் தேதி வைத்தாகிவிட்டது, பெரிய மனுஷர்கள் வருகிறார்கள். ஒன்பதாம் நாள் உன் கவிஞர், அந்தப் பொறியாளர், ஜீப்பை விட்டு இறங்கி, வரைபடத்தை ஜீப்பின் மூக்கில் விரித்து, எங்களைத் திட்டிக்கொண்டே பென்சிலால் ஒரு வளைவு போட்டார். அதுதான் இந்த வளைவு. பிற்பாடு கரண்டு கம்பிக்காக மரத்தை வெட்டிவிட்டார்கள். வளைவை யாராலும் நிமிர்த்த முடியவில்லை.

நான் கருவியைக் கழற்றி ஏஜெண்ட் கையில் கொடுத்துவிட்டு வண்டியிலிருந்து இறங்கினேன். நின்ற எட்டுப் பேருக்கும் நடந்ததை நடந்தபடி சொன்னேன். தொப்பி போட்ட ஒருவர், "இது டூர்ல சேர்ந்ததா, தனியா?" என்று கேட்டார். ஏஜெண்ட் கடிகாரத்தைப் பார்த்து, "பாட்டி, இந்த இடத்துக்கு நாலு நிமிஷம்தான்" என்றார். "ஒன்பது நாள் உக்காந்த இடம்ப்பா இது, இன்னும் நாலு நிமிஷம் நில்லு" என்றேன். நின்றார். பாவம், நல்ல மனுஷன். திரும்பும்போது அவரே கேட்டார், "இவ்வளவு நல்ல கதைய உங்க பேத்தி ஏன் எழுதல?" கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்றேன். "இல்ல பாட்டி, ஒவ்வொரு இடத்துக்கும் என்ன சொல்லணும்னு உங்க பேத்தியேதான் முடிவு பண்ணாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவளுக்குக் கூச்சமா இருந்திருக்கும், விடும்மா" என்றாள். மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள். அந்தத் தூளியில் கிடந்தவள் அவள், ஞாபகம் வைத்துக்கொள்.

கூச்சம். எனக்கு அப்போதுதான் சாக்ஸ் ஞாபகம் வந்தது. நீ பட்டம் வாங்கிய அன்று புது சாக்ஸ் கொண்டுவந்து என் காலில் நீயே மாட்டிவிட்டாய். குளிருக்கு என்றாய். அன்று கொளுத்தும் வெயில். என் இடது காலில் தார் கொட்டின தழும்பு உன் சிநேகிதிகள் கண்ணில் படக்கூடாது. எனக்கு அன்றே புரிந்தது குட்டி. பிள்ளைக்குப் பெரிய நாள், போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் காலை மூடினாய், பொறுத்தேன். பதினோரு பேர் போட்ட ரோட்டையும் மூடுவாயா? அந்த மாதிரி மண் சுமந்த கூலியில்தான் உன் அம்மா படித்தாள், அவள் படித்ததால்தான் நீ அங்கே உட்கார்ந்து எழுதுகிறாய்.

அந்தப் பதினோரு பேரில் மிச்சம் நானும் நெட்டையும்தான். அவளுக்கு இப்போது ஒரு காதுதான் கேட்கிறது. முழங்காலும் போய்விட்டது. அடுத்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன், எனக்கும் அவளுக்கும். ஏஜெண்ட் இரண்டு பேரையும் வைத்து மிதிப்பதாகச் சொல்லியிருக்கிறார், கடவுள்தான் அவரைக் காப்பாற்ற வேண்டும். வளைவு வந்ததும் கேட்கிற காதில் உன் குரலை மாட்டுவேன். நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உன் பாட்டி என்று என்னைச் சேர்க்க வேண்டாம். ஒரு மரம் இருந்தது, ஆறு தூளி இருந்தது, ஒருத்தி முதலில் போய் உட்கார்ந்தாள் என்று சொன்னால் போதும். நாலு நிமிஷம் தாராளம்.

இப்போது நலம் விசாரிக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இருமல் நின்றதா? அங்கே நிஜமாகவே குளிர் என்று உன் அம்மா சொன்னாள். உன் சாக்ஸை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன், துவைத்துத்தான் வைத்திருந்தேன். நீ போட்டுக்கொள். நான் டூருக்கு வெறுங்காலோடு போகிறேன்.

நீ நன்றாக இருப்பாய்.

கோபம் தீராத,
உன் பாட்டி