குறிப்புக் கட்டத்தில் எழுதாமல் விட்ட வரி

அக்கா,

இன்று காலை ஒரகடம் பக்கத்துக் கழனி ஒன்றில் அறுத்த நெல்லைக் கட்டும்போது பச்சை வைக்கோல் வாசனை முகத்தில் அடித்தது. உங்கள் வரப்பில் நின்ற அந்த மதியம் நினைவுக்கு வந்துவிட்டது.

நான் விளைச்சல் அளக்க வரும் ஒப்பந்த ஊழியன். ஊருக்கு நாலு கழனி. எவை என்பதைக் கணினி சொல்லும். ஒவ்வொன்றிலும் ஒரு சதுரத்தை அறுத்து எடை போடுவேன். அந்தச் சராசரி குறைந்தால்தான் ஊருக்கே பயிர்க் காப்பீட்டுப் பணம். "எங்க தஞ்சாவூர்ப் பக்கம் இதே ரகம் இன்னும் நல்லா விளையும்" என்று முதல் நாள் பெருமையடித்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"அங்க ஆறு கீது தம்பி. இங்க ஏரிதான். எங்க ஊர்லயே மேலண்ட கழனி வேற, கீழண்ட கழனி வேற."

அந்த வருடம் புதுக் கிடங்குக்கு மண் கொட்டியதில் ஏரிக் கால்வாய் அடைபட்டது. கீழண்டைக் கழனியெல்லாம் பதர். ஆழ்துளைக் கிணறு இருந்ததால் உங்களுடையது மட்டும் கதிர் சாய்ந்து நின்றது. கணினி அதையும் தேர்ந்தெடுத்துவிட்டது. உங்கள் எடை சராசரியைத் தூக்கிவிடும் என்று ஊருக்கே தெரியும்.

"சார், அந்தக் காஞ்ச மூலைல அறுங்க சார். இங்க அறுத்தா எங்களுக்கு ஒண்ணும் வராது" என்று வரப்பில் நின்றவர்கள் கெஞ்சினார்கள். கணினி சொன்ன இடத்தில்தான் அறுத்தேன். எடை போட்டதும் நீங்கள் அருகில் வந்தீர்கள்.

"இது கெணத்துத் தண்ணி, மத்ததெல்லாம் காஞ்சிப்போச்சுன்னு ஒரு வரி எழுதிடு தம்பி."

"அதுக்கெல்லாம் எடமில்லக்கா" என்றேன்.

இடம் இருந்தது. கைபேசிப் படிவத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விடச் சொல்லியிருந்தார் மேற்பார்வையாளர். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கு.

ஊருக்குக் காப்பீடு வரவில்லை. அந்தக் கோபத்தில் உங்கள் மோட்டார் ஒயரை யாரோ அறுத்தார்கள். நடவுக்கு ஒருத்தரும் வரவில்லை. "வூட்ட வுட்டு வெளிய வரவே பயமா கீது தம்பி" என்று போன் செய்தீர்கள். "எல்லாம் சரியாயிடும்க்கா" என்று வைத்துவிட்டேன். நாலாம் நாள், அடுத்த ஊருக்கு நடவாள் தேடிப் போன நீங்கள், கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையைக் கடக்கையில் அடிபட்டுப் போய்விட்டீர்கள். சாவுக்கு வந்தேன். "அம்மா உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்லும்" என்றாள் உங்கள் மகள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்று அளந்ததும் கிணற்றுக் கழனிதான். சுற்றிலும் காய்ந்து கிடந்தது. கட்டத்தில் அந்த வரியை எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மேற்பார்வையாளர் போன்.

"யாரைக் கேட்டு எழுதினே? அழி."

"நீங்களே வந்து பாருங்க சார்."

"காலைல வரேன். வந்து உன்னைப் பாத்துக்கிறேன்."

கழனிக்காரர் என் முகத்தைப் பார்த்து, "இன்னா சார் ஆச்சு?" என்றார்.

"பயமா இருக்குங்க" என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "காலைல நானும் வந்து உங்க பக்கத்துல நிக்கிறேன் சார்."

அன்று போனில் உங்களுக்கு நான் சொல்லாமல் விட்டது அவர் சொன்ன அந்த வரிதான், அக்கா.