பத்தாவது மாடியில் அப்பாவுக்கு வெச்சது

அம்மாவுக்கு அன்பரசி எழுதுறது. உன் கால் வீக்கம் கொறைஞ்சுச்சா? புதூர்நாட்டுல ஜீப்பு கெடைக்கலன்னு ஆஸ்பத்திரிக்குப் போவாம இருந்துடாத. நான் நல்லா இருக்கேன். குவைத்துல இப்ப வெயில் பரவாயில்ல.

செவ்வாக்கெழம அப்பாவோட வருச திதின்னு எனக்கு நெனப்பு இருந்துச்சும்மா. அன்னிக்குன்னு பார்த்து மேடம் வூட்டுக்கு விருந்தாளிங்க. மாட்டுக்கறியைக் கொத்தி, காரம் தூக்கலா வதக்கி, கிரீம் ஊத்தி பாஸ்தா செய்யச் சொன்னாங்க. நமக்குன்னு சோறு வடிக்க அடுப்பு காலியில்ல. கறி சேர்க்கறதுக்கு முன்னாடி, வெந்த பாஸ்தாவுல ஒரு கை எடுத்து ஜன்னல்ல வெச்சு காக்காவைக் கூப்பிட்டேன். அப்பா பார்த்திருந்தா, "இன்னாடி இது, புழு மாதிரி"ன்னு கேட்டிருப்பாரு. பத்தாவது மாடிக்கு காக்கா எங்க வரும்? ஒரு புறா வந்து பார்த்துட்டுப் போயிடுச்சு. நான் ஜன்னல்ல குப்பை போடறேன்னு மேடம் கொஞ்சம் சத்தம் போட்டாங்க, அவ்ளோதான். காக்கா எடுக்காம நான் எப்படிச் சாப்பிடறது? மறுநாள் சாப்பிட்டேன், கவலப்படாத.

மேடம் வாங்கி வெச்சிருக்கற என் பாஸ்போர்ட்டை மறுபடி கேட்டேன். பார்க்கலாம்னாங்க. போன வருசமும் அதான் சொன்னாங்க.

இந்தக் கடுதாசியை எதிர் வூட்ல வேலை செய்யற ஷோபனா கொண்டாருவா. அவளுக்கு லீவு குடுத்துட்டாங்க. தை மாசம் திரும்பி வரும்போது அவகிட்ட நம்ம நெலத்துச் சாமையைக் குத்தி, கொஞ்சம் கட்டிக் குடும்மா. மேடம் கூப்பிடறாங்க, முடிச்சுக்கறேன்.

சாமை ஒரு கை போதாது. அடுத்த திதிக்கும் அதுக்கடுத்த திதிக்கும் வர்ற மாதிரி நெறையவே குடு.