பின் சீட்டில் அம்மா

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அத்தானும் குட்டியும் நலம்தானே? இங்கே விடாத மழை. மாடி அறை மறுபடி ஒழுகுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவால் ஏற முடியவில்லை என்று, நீ விட்டுப்போன அந்த உசரமான காரின் உயரத்தைக் குறைத்தேன் அல்லவா? அவளால் ஏற முடியாதது உண்மைதான். ஆனால் தரையோடு ஒட்டி ஓடும் கார் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். சாக்கு கிடைத்தது. சரியான சாமான் வரும்வரை பொறுக்காமல், இருந்த ஸ்பிரிங்கையே வெட்டிக் குட்டையாக்கச் சொன்னேன். "வண்டி தூக்கிப் போடும் சார், யோசிச்சுக்கோங்க" என்றார் மெக்கானிக். கேட்டால்தானே!

அம்மா சுலபமாக ஏறினாள். தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நாளில் அம்மா பிசியோதெரபிக்கு வரமாட்டேன் என்றாள். "வீட்டுலயே நடந்துக்கறேன்டா" என்றாள். சோம்பேறித்தனம் என்று கத்தினேன். உன்னிடமும் போட்டுக் கொடுத்தேன். நீயும் திட்டினாய்.

போன வாரம் எனக்குக் கை சுளுக்கு. கெஞ்சிக் கூத்தாடி அம்மாவை ஏற்றி, நண்பனை ஓட்டச் சொல்லி, நான் பின் சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் பள்ளத்திலேயே எனக்கு முதுகு விண்ணென்றது. திரும்பினால், கைப்பையை இடுப்புக்கடியில் திணித்துக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஏன்மா சொல்லவில்லை என்றேன். "ஆசையா எனக்காகப் பண்ணினே, எப்படிடா சொல்றது?"

எனக்காகவாம், அக்கா. என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்?

வெட்டிய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டாயிற்று. இப்போது அளவான குட்டை ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர். தாழ்வு கொஞ்சம்தான், அம்மா ஏறவும் முடிகிறது, பள்ளத்தில் வண்டி மெத்தென்று இறங்கி எழுகிறது. நேற்று திரும்பும் வழியில் தூங்கியே விட்டாள். வீடு வந்தும் எழுப்ப மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் சிகிச்சை விட்டுப்போனதில் இடது கால் சரியாக மடங்கவில்லை. வலிக்கிறதா என்றால் "இல்லவே இல்லை" என்கிறாள். நான் கேட்டால் இனி அதைத்தான் சொல்வாள். நீ கேளேன், அக்கா. திட்டுகிற குரலில் இல்லாமல், மெதுவாக. அவள் என்ன சொன்னாலும் மறைக்காமல் எனக்கு எழுது.

உன் கோபத்தையும் எதிர்பார்த்திருக்கும்,
தம்பி